பூனைக் காலுக்குப் பூசிய திருநீறு

1

எங்கள் வீட்டுப் பூனைக்கு அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உறையின் மேல் என் பெயர்தான் இருந்தது. உள்ளே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பூனையைப் பற்றிய பேச்சு. எங்கள் ஊர் செஞ்சியில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முத்திரை போட்ட காகிதம் எது வந்தாலும், யாரோ என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். இங்கே வந்து பத்தொன்பது வருஷம் ஆகி, குடியுரிமை வாங்கி, ஓட்டும் போட்ட பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் நகரத்துக்கு வெளிப்பக்கம். என் வீட்டுக்காரர் வல்லத்துக்காரர், வெல்டிங் வேலைக்கென்று வந்தவர். நான் காய்கறி நறுக்கிப் பொட்டலம் போடும் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒரே பெண் தாரணி, பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பூனை அவளுடையது. பழுப்பு நிறம், பெயர் பிஸ்கெட். பழைய வாடகை வீட்டிலிருந்து இந்தப் புது வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

கடிதத்தைத் தாரணிதான் படித்துச் சொன்னாள்.

"அம்மா, இந்த ஏரியாவுல பூனை வெளிய போகக் கூடாதாம். பகல்லயும் கூடாது, ராத்திரியும் கூடாது. நம்ம வேலிக்கு உள்ளயே இருக்கணும்."

"பூனைக்கு வேலி இன்னாடி தெரியும்?"

"உனக்குத் தெரியும் இல்ல? அது தாண்டாம நீ பாத்துக்கணும். அவ்ளோதான்."

கூடவே, புதிதாகக் குடிவந்து பூனை வைத்திருப்பவர்கள் நிரப்ப வேண்டிய ஒரு படிவம். பூனையின் தோலுக்கடியில் அரிசி அளவு ஒரு மின்னணுச் சில்லு வைத்திருக்கிறார்கள்; அதன் எண், அது வசிக்கும் முகவரி, அதன் உரிமையாளர் யார் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். உரிமையாளர் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பூனைக்குச் சோறு வைத்தவர்களைச் செஞ்சியில் பார்த்திருக்கிறேன், விரட்டி அடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பூனைக்கு உரிமையாளர் என்று ஒருவரையும் பார்த்ததில்லை. நாளைக்கு எழுதலாம் என்று படிவத்தை மைக்ரோவேவ் மேல் வைத்தேன். அது அங்கேயே கிடந்தது. அதனால் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

2

என் அப்பா, எங்கள் நைனா, செஞ்சியில் ஒரு மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கினார். பள்ளிக்கூடத்தை விட்டதும் நானும் அங்கேதான் போனேன். சிந்திய வேர்க்கடலையைக் கூட்டி அள்ளி, புடைத்து, தனியாகக் கொட்டும் வேலை. மண்டியில் எங்களைப் போல ஒரு வேலையாள்தான் பூனையும். அது இல்லாவிட்டால் எலி சாக்கைக் கடித்து, ஒரு ராத்திரியில் அரை மூட்டையை வெறும் ஓடாக்கிவிடும். அப்போது அங்கே இருந்தது சாம்பல் வரிப் பூனை. அதற்குப் பெயர்கூடக் கிடையாது.

ஒருநாள் அது முதலாளியின் தூக்குச் சட்டியைத் திறந்து வஞ்சிர மீன் துண்டு இரண்டையும் தின்றுவிட்டது. முதலாளி குதித்தார். "சாயங்காலம் இது இங்க இருக்கக் கூடாது!"

நைனாவுக்கு மனசில்லை. ஆனால் சொல் மீற முடியாது. "பக்கத்துல உட்டா திரும்பி வந்துரும். மலையனூர் கோயிலாண்ட உட்டுர்றேன். இன்னிக்கு அம்மாவாசை. ஜனம் இருக்கும், சோத்துக்குப் பஞ்சம் இல்ல" என்றார். நான் அழுத அழுகையைப் பார்த்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பூனையை வழி மறக்கச் செய்ய எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. சாக்கில் போட்டு வாயைக் கட்டி, கிளம்பும்போது மூன்று சுற்று, இறக்கும்போது மூன்று சுற்று. பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஜனத்துக்கு நடுவில் நைனா சாக்கைத் தலைக்கு மேல் சுற்றினார். ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டார்.

கண்டக்டர் வந்தார். "இன்னாய்யா சாக்குல?"

"சாமிக்கு நேந்துகிட்டது."

சாக்கு "மியாவ்" என்றது.

"அங்காளம்மனுக்கு எப்பய்யா பூனைய நேந்துகிட்டாங்க?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

மேல்மலையனூரில் கோயிலுக்குப் பின்னால், பொரிக் கடைகளைத் தாண்டி, மறுபடி மூன்று சுற்றுச் சுற்றி இறக்கினார். பூனை தள்ளாடியது. எங்களைத் திரும்பிப் பார்க்காமல் ஒரு வண்டிக்கு அடியில் போய்விட்டது.

பதின்மூன்றாம் நாள் காலை. நான் மண்டியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பின்சுவர் மேல் ஏதோ ஒன்று ஏறியது. ஏறியது என்பதைவிட, தன்னைத்தானே இழுத்துப் போட்டது என்று சொல்ல வேண்டும். விலா எலும்பை எண்ணலாம். ஒரு காது கிழிந்திருந்தது. இறங்கி, யாரையும் பார்க்காமல், எடைத் தராசுக்குப் பின்னால் எப்போதும் படுக்கும் இடத்தில் போய்ப் படுத்தது. காலை நக்கியது. பாதம் நான்கும் வெடித்திருந்தன.

நைனா முதுகில் இருந்த மூட்டையை இறக்கினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். கோயிலில் மட்டும்தான் அவர் அப்படி நின்று பார்த்திருக்கிறேன்.

"யம்மா… ஆறு சுத்து சுத்துனேனே!" என்றார்.

முதலாளி வெளியே வந்து பார்த்தார். "இத இன்னொரு வாட்டி எவனாவது தூக்கிகிட்டுப் போனீங்க, அவன சாக்குல கட்டிக் கொண்டுபோய் உட்டுருவேன்" என்றார். தூக்கச் சொன்னவரே அவர்தான் என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

மேல்மலையனூரிலிருந்து செஞ்சிக்கு இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. அது எப்படி வந்தது என்று நைனாவைக் கேட்டேன். "ராஜகிரிக் கோட்டை மலையப் பாத்துக்கினே வந்திருக்கும்" என்றார்.

"அங்கருந்து கோட்டை தெரியுமா நைனா?"

"நமக்குத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சிருக்குது."

3

புது வீட்டில் பிஸ்கெட் கண்ணாடி ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தது. காலையில் வேலைக்குப் போகும்போது பார்ப்பேன், சாயங்காலம் வரும்போதும் பார்ப்பேன், அதே இடம். இந்த நாட்டுக்கு வந்த முதல் இரண்டு வருஷம் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். வெளியே போனால் யாராவது ஏதாவது கேட்பார்கள், பதில் சொல்லத் தெரியாது. பூட்டிக்கொண்டு, பூட்டினோமா என்று மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, ஜன்னலில் உட்காருவேன்.

"பாவம்டி, கொஞ்சம் உட்டாதான் இன்னா?" என்று தாரணியைக் கேட்டேன்.

அவள் பழைய வீட்டில் நடந்ததை நினைவுபடுத்தினாள். பிஸ்கெட் ஒருநாள் ஒரு நீலக் குருவியைக் கவ்விக்கொண்டு வந்து சமையலறை மிதியடியில் போட்டது. கட்டை விரல் அளவு குருவி, தலையில் மட்டும் அப்படி ஒரு நீலம். எனக்கு மண்டிப் பூனை ஞாபகம் வந்து, "சமத்து" என்று அதன் தலையைத் தடவினேன். தாரணி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"பூனை இந்த ஊரு ஜீவன் இல்லம்மா. வெள்ளக்காரங்களோட கப்பல்ல வந்தது. அந்தக் குருவிக்கு அதப் பாத்துப் பயப்படவே தெரியாது."

பயப்படத் தெரியாத ஜீவன். அதைக் கேட்டு அசந்து போனேன். கதவு தட்டினால் பயம், தபால் வந்தால் பயம், போன் அடித்தால் பயம் என்று இருப்பவள் நான். இந்த உலகத்தில் கட்டை விரல் அளவில் பயமே தெரியாமல் ஒன்று பறந்துகொண்டிருக்கிறது. அதை எங்கள் பூனை கவ்விக்கொண்டு வந்திருக்கிறது. நானும் சமத்து என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பூட்டி வெச்சா பாவம்" என்றேன்.

தாரணி புத்தகத்தை மூடினாள். விமானம் ஏறிப் போக வேண்டிய ஒரு ஊரில் மேல்படிப்புப் படிக்க ஆசைப்பட்டு, நான்கு மாதமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். விடுதிக்கான காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. இங்கேயே படி, கண் முன்னால் இரு என்பதுதான் என் பதில்.

"பூனைய வெளிய உடணும், என்ன பூட்டி வெக்கணும். சூப்பர் ரூல்ஸ்மா உன்னுது" என்றாள்.

4

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து அவளை மூன்று நாள் முகாமுக்கு அழைத்துப் போனார்கள். அந்த மூன்று நாளில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

மண்டிக்குப் புதுப் பூனை வந்தால் நைனா ஒன்று செய்வார். அதைத் தூக்கிக்கொண்டு டீ போடும் அடுப்பை மூன்று முறை சுற்றுவார். அடுப்புச் சாம்பலை அதன் நான்கு காலிலும் தடவி, "இனிமே இந்த அடுப்பு உன்னுது, சுத்திட்டு இங்க வந்துரு" என்று இறக்கி விடுவார். அப்படி விட்ட பூனை எங்கே போனாலும் வந்துவிடும் என்பது மண்டியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பிஸ்கெட்டுக்கும் அதைச் செய்துவிட்டுப் பத்து நிமிஷம் புல்லில் விடலாம், நான் பக்கத்திலேயே நிற்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் இந்த வீட்டு அடுப்பு கண்ணாடி அடுப்பு. தீயும் கிடையாது, சாம்பலும் கிடையாது. சுவரோடு ஒட்டியிருப்பதால் சுற்றவும் முடியாது. அடுப்புக்கு எதிரில் நின்று பூனையைக் காற்றில் மூன்று வட்டம் காட்டினேன். சாம்பலுக்கு என்ன செய்வது? தம்பி சேகர் அனுப்பிய மலையனூர் திருநீற்றுப் பொட்டலம் சாமி அலமாரியில் இருந்தது. அங்காளம்மா, தப்பா நினைக்காதே, காலில் பூசுகிறேன், வேறு வழியில்லை என்று வேண்டிக்கொண்டு நான்கு பாதத்திலும் பூசினேன். பின்கதவைத் திறந்தேன்.

பிஸ்கெட் ஒரு பாதத்தை நக்கியது. தும்மியது. மரப்படியில் இறங்கி, புல்லைத் தாண்டி, வேலியில் தாவி, அந்தப் பக்கம் குதித்துவிட்டது. நான் "பிஸ்கெட்!" என்று கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மரப்படியில் வெள்ளையாக நான்கு கால்தடம் மட்டும் இருந்தது.

5

பத்து நிமிஷம் என்று நினைத்தது சாயங்காலம் வரை ஆனது. வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் இருவரும் தெருத் தெருவாக நடந்தோம். அவர் மீன் டப்பாவைத் திறந்து கையில் பிடித்திருந்தார். நான் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே போனேன். ஜன்னல் திரைகள் விலகின.

"தாரணி வந்து கேட்டா இன்னா சொல்லப் போற?" என்றார் அவர்.

"நீங்க சொல்லிடுங்க."

"நானா? கதவ நீ தொறந்த. திருநீறும் நீ பூசுன. நான் மீன் டப்பா மட்டும்தான்."

மறுநாள் காலை, யாரும் தள்ளாமல் நானே அந்தக் கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். அந்தப் பெண்மணி, பூனை எப்படி வெளியே போனது என்று கேட்டாள். பொய் சொல்லும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியாது. "நான் கதவைத் திறந்தேன்" என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. சில்லின் எண்ணைக் கேட்டு, பதிவில் இருந்த முகவரியைப் படித்துக் காட்டினாள். அது பழைய வீட்டு முகவரி. படிவம்தான் மைக்ரோவேவ் மேல் கிடந்ததே! காகிதப்படி எங்கள் பூனை வீடு மாறவே இல்லை.

புது முகவரியை எழுதிக் கொடுக்கச் சொன்னாள். எவரேனும் பிடித்துக் கொடுத்தால் கூப்பிடுவதாகச் சொன்னாள்.

அன்று சேகர் பேசினான். செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் நடுவில் ஆட்டோ ஓட்டுகிறான்.

"இன்னாக்கா, பூனை காணோம்னு ஆபீசுக்கே போன் போட்டியா? நம்ம ஊர்ல நான் காணாம போனா நீ போடுவியா?"

"போடா. நம்ம மண்டிப் பூனை வந்துச்சே, அது மாதிரி இதுவும் வந்துரும் இல்ல?"

"அக்கா, அப்போ ரோட்டுல நாழிக்கு ஒரு பஸ். இப்போ திருவண்ணாமலைக்குப் போற காரு அடிக்கிற அடியில நாயே தாண்ட மாட்டுது. போன வருஷம் எங்க வீட்டுது ரெண்டு போச்சு. இப்போ இருக்கறத நாங்களும் வெளிய உடறதில்ல. உள்ளயே மண்ணு ட்ரே வெச்சு, உங்க ஊரு மாதிரிதான்."

செஞ்சியில் பூனையைக் கதவு சாத்தி வளர்க்கிறார்கள். எந்த ஊரை மனதில் வைத்து நான் கதவைத் திறந்தேனோ, அந்த ஊரே கதவைச் சாத்திவிட்டிருந்தது.

மூன்றாம் நாள் தாரணி வந்தாள். நானே சொன்னேன். திருநீறு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருக்கலாம்.

"எல்லாத்துக்கும் பயப்படற. இதுக்கு மட்டும் ஏம்மா பயப்படல?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தன் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள். விடுதிக் காகிதத்தை அவள் மறுபடி கேட்கவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. என்னிடம் கேட்டு இனி ஆவது ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிட்டாளோ என்று பயந்தேன். பூனை திரும்பாவிட்டால் இவளும் எனக்குத் திரும்ப மாட்டாள் என்றே அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

6

பதினொன்றாம் நாள், சனிக்கிழமை காலை, பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டு வியட்நாம் பெண்மணி ஒரு படம் அனுப்பினார். எங்கள் பழைய வீட்டு வாசற்படியில் பிஸ்கெட் உட்கார்ந்திருந்தது.

காரில் தாரணி போனில் வரைபடத்தை வைத்து விரலால் தள்ளிக்கொண்டே வந்தாள். ஒன்பது கிலோமீட்டர். நடுவில் ஒரு ஆறு, அதற்கு ஒரே ஒரு பாலம். அதற்கப்புறம் பக்கத்துக்கு நான்கு வரிசையாக வண்டி ஓடும் நெடுஞ்சாலை. வீடு மாறிய அன்று பூனையைக் கூடைக்குள் வைத்து, மேலே போர்வை போட்டு மூடிக் காரில் கொண்டுவந்தோம். அது அந்த வழியைப் பார்த்ததே இல்லை.

நாங்கள் இறங்கியபோது அது எழுந்து வரவில்லை. பார்த்தது. பாதி உடம்பு ஆகியிருந்தது. தாரணி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். எனக்குக் காட்டினாள். பாதம் வெடித்திருந்தது.

முப்பது வருஷத்துக்கு முந்தைய மண்டி வாசலில் நிற்பது போல இருந்தது. அவிழ்க்க என் தலையில் துண்டு இல்லை. என் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"யாரம்மா கும்பிடற?" என்றாள் தாரணி. எட்டு நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"தெரியலடி."

அவள் சிரிக்கவில்லை. நெடுஞ்சாலை இரைச்சல் வந்துகொண்டிருந்த பக்கத்தைப் பார்த்தாள். எல்லாம் தட்டை. கண்ணுக்கு எட்டிய வரை கூரைகள்தான்.

"இங்க ராஜகிரி மாதிரி மலை எதுவும் இல்லையேம்மா. எதப் பாத்து வந்துச்சு?"

மண்டிப் பூனைக் கதையை அவளுக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். காதில் பாட்டு மாட்டிக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். நைனா எனக்குச் சொன்ன பதிலையே அவளுக்குச் சொன்னேன். "நமக்குத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சிருக்குது."

திரும்பி வரும்போது பூனை அவள் மடியில் இருந்தது. பாலத்தைத் தாண்டும்போது பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள். "அம்மா, இதுகிட்ட எதுவுமே இல்ல. என்கிட்ட மேப் இருக்குது, போன் இருக்குது. தெனம் கூப்புடுவேன்."

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டியது அவள் அப்பா, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

7

என்ன முடிவு செய்தோம் என்று கேட்பீர்கள். பூனை உள்ளேதான். கடிதத்துக்குப் பயந்து இல்லை. அது மறுபடி கிளம்பினால் அந்த எட்டு வரிசைச் சாலையை மறுபடி தாண்டும். ஒரு தடவை தாண்டியதே எனக்குப் போதும். அந்த நீலக் குருவிக்கும் பயப்படத் தெரியாமலே இருக்கட்டும். வீட்டுக்காரர் பின்பக்கம் இரும்புக் குழாய் பற்றவைத்து, வலை அடித்து, கல்யாணப் பந்தல் மாதிரி ஒன்று கட்டியிருக்கிறார். பிஸ்கெட் அதற்குள் புல்லில் படுக்கிறது, வெயில் காய்கிறது. அது சந்தோஷமாக இருக்கிறதா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. அது வலையைப் பார்க்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

படிவத்தை நானே நிரப்பினேன், பெரிய எழுத்தில். வசிக்கும் இடம் என்பதில் இந்த வீட்டு முகவரி. உரிமையாளர் என்பதில் என் பெயரை எழுதும்போது பொய் சொல்வது போலத்தான் இருந்தது. அதே மேசையில், அதே பேனாவால், விடுதிக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

போன வாரம் தாரணி கிளம்பினாள். பெட்டி வாசலில் நின்றது. அவள் அப்பா காரில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து வந்தேன். நெற்றியைக் காட்டியவள் சட்டென்று இரண்டு காலையும் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நெத்தியில மட்டும்மா. கால்ல தடவுன, நான் பழைய வீட்டுக்குப் போயிடுவேன்."

சிரித்துவிட்டோம். நெற்றியில் வைத்து, கண்ணில் விழாமல் கையால் மறைத்து ஊதினேன். கார் திருப்பத்தில் மறைந்த பிறகு கதவைச் சாத்தினேன். சாத்தினேனா என்று இழுத்துப் பார்த்தேன். பின்பக்கம் வலைக்குள் பிஸ்கெட் ஒரு காலை நீட்டி நக்கிக்கொண்டிருந்தது.

உள்ளங்கையில் கொஞ்சம் திருநீறு மிச்சம் இருந்தது. அங்காளம்மாவிடம் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கண்ணாடி அடுப்புக்கு எதிரில் நின்று, "இனிமே இந்த அடுப்பு உன்னுது" என்று எனக்கே சொல்லிக்கொண்டு, குனிந்து, என் காலில் பூசிக்கொண்டேன்.